ஐபாட் மாட் (உள் பாகங்களை மாற்றுவது) செய்யக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு 14,800 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இங்கே மும்பையில், லாமிங்டன் ரோட்டுப் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு சின்ன ரிப்பேர் கடையில் என் பழைய ஐபாடைக் கொடுத்து 14,800 ரூபாய் ஏமாந்திருக்கிறேன். பணம் மட்டும் போயிருந்தால் எப்படியோ மனசைத் தேற்றியிருப்பேன்.

ஐபாட் வீடியோ, கறுப்பு, 80 ஜிபி. 2006 செப்டம்பரில் வந்த மாடல், ஐந்தரைத் தலைமுறை என்போம். அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கியது. துபாய்க்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட் வாசலில் என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். கொஞ்ச நாளாக ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டது. அதைக் கழற்றிவிட்டு எஸ்டி கார்டு அடாப்டர், 512 ஜிபி கார்டு, 3000 எம்ஏஎச் பேட்டரி போட நினைத்தேன்.

ஹெட்போன் வேலை எல்லாம் நானே செய்வேன். என் ஃபோஸ்டெக்ஸ் டி50ஆர்பி ஹெட்போன் கப்புக்குள் களிமண் அப்பி, பஞ்சு வைத்து டியூன் செய்தது நான்தான். சால்டரிங்கும் வரும். ஆனால் இந்த ஐபாடைத் திறக்கக் கை வரவில்லை. ஸ்டீல் மூடி சுற்றிலும் கிளிப்பில் இறுகி இருக்கும், தப்பாக நெம்பினால் வளைந்துவிடும். பேட்டரி நாடாவைப் பிடிக்கும் கொக்கி அரிசி அளவுதான், உடைந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டே வீண்.

கடைக்காரன் என் கண் முன்னால் திறந்தான். மெல்லிய தகட்டை ஓரத்தில் விட்டு, கிளிப் கிளிப்பாக, ஒரு கீறல் விழாமல். கொக்கியை நகத்தால் தூக்கி நாடாவை உருவினான். "அண்ணே, நமக்குத் திருநெல்வேலிப் பக்கம். தாராவியிலதான் பொறந்து வளர்ந்தேன்" என்றான். நான் சயான் கோலிவாடா என்றதும் கட்டிங் சாய் வரவழைத்தான். "அண்ணன் கொடுத்த பொருளா? என் பொருள் மாதிரி பாத்துக்கிறேன், ரெண்டு நாள் வச்சுட்டுப் போங்க." அந்த ஒரு பேச்சில் விழுந்துவிட்டேன். முழுப் பணம் 14,800 ஜிபேயில் போட்டேன். பில் கேட்கத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் வாங்கினேன். நாலு பாட்டு ஏற்றிக் கொடுத்திருந்தான், தாதர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன், அருமை. வீட்டில் என் முழுக் கலெக்‌ஷனையும் ஏற்றினேன். பாதிப் பாட்டு பத்து விநாடியில் தாவியது. ஐபாடைக் கணினியில் செருகி, உள்ளே இருக்கும் கார்டை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் போட்டுச் சோதித்தேன். 512 என்று காட்டும் கார்டில் உண்மையில் இருப்பது 64 ஜிபிக்கும் கீழே. அதற்கு மேல் எழுதியதெல்லாம் குப்பை.

சரி, கார்டு போனால் போகட்டும் என்று பழையபடி மெனுவைப் பார்த்தேன். மியூசிக்குக்குள் பாட்டுத் தேடும் 'சர்ச்' இல்லை. ஐந்தரையில் அது உண்டு, அதற்கு முந்திய 2005 மாடலில் கிடையாது. கை நடுங்கிவிட்டது. செட்டிங்ஸில் 'அபௌட்' திறந்து, அதில் காட்டிய சீரியல் நம்பரையும் மூடியின் பின்னால் பொறித்த நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு.

போர்டையே மாற்றியிருக்கிறான். பழைய 30 ஜிபி ஐபாடின் போர்டை என் மூடிக்குள் வைத்துவிட்டான். ஒலிக்கு இரண்டிலும் அதே வுல்ஃப்சன் சிப்தான், காதுக்குத் தெரியாது. ஆனால் 80 ஜிபி போர்டில் ராம் 64 எம்பி, 30 ஜிபியில் 32 எம்பி. பாட்டு அதிகமானால் திணறும். பெரிய கார்டு போட நினைக்கிறவர்கள் 80 ஜிபியைத் தேடி அலைவது இதற்காகத்தான்.

போன் செய்தேன். "ரீஸ்டோர் போட்டுப் பாருங்கண்ணே." மறுநாள், "ராக்பாக்ஸ் ஏத்தினீங்களா? அப்ப வாரண்டி கிடையாது." ராக்பாக்ஸ் என்பது ஆப்பிளுடையதற்குப் பதிலாகப் போடும் வேறு மென்பொருள், நான் அதை ஏற்றவே இல்லை. அப்புறம், "கார்டு நான் வெளியில வாங்குறது, அவங்களைக் கேளுங்க." போர்டைப் பற்றிக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேற்று நேரில் போனேன். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணே அண்ணே என்றவன் என் முகத்தைப் பார்த்து இந்தியில், "சார், பில் திகாயியே" (பில்லைக் காட்டுங்க) என்றான். என் ஹார்ட் டிஸ்க்கையாவது கொடு என்றேன். தூக்கிப் போட்டாச்சாம். 14,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, அண்ணன் ஏற்றி வைத்திருந்த பாட்டோடு அந்த டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. கொடுக்கும் முன் 'அபௌட்' பக்கத்தையும் போர்டையும் போட்டோ எடுங்கள். கார்டை நீங்களே வாங்கி, முழுக்க எழுதிச் சோதித்துவிட்டுக் கொடுங்கள். பில் இல்லாமல் பணம் போடாதீர்கள். கழற்றிய பாகத்தை அங்கேயே கையில் வாங்குங்கள். வைத்துவிட்டு வராதீர்கள்.

இன்னொன்று. பின்மூடியில் 30 ஜிபி என்று இருந்து, மெனுவில் 'சர்ச்' வருகிற ஐபாட் வீடியோ யாரிடமாவது விற்பனைக்கு வந்தால் உள்ளே இருப்பது என் போர்டாக இருக்கலாம், 'அபௌட்' பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். என் மூடியில் உள்ள நம்பர் என்னிடம் இருக்கிறது.