புளோயர் மெக்கானிக் சர்வீஸ்: வேலை சுத்தம், நேரம்தான் சுத்தமில்லை

களியக்காவிளைப் பக்கம் எங்கள் வீட்டில், காற்று ஊதிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சின்ன ஃபைபர் தொட்டி. இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் அழுகிய முட்டை நாற்றம். தொட்டியை விற்றவர் 3 முறை அழைத்தும் வரவில்லை. கடைசியில் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வந்தார், அதுவும் சொன்ன நேரத்துக்கு 2 மணி நேரம் பிந்தி.

வந்தவர் தொட்டி மூடியைத் தொடவே இல்லை, நேராகத் தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயரில் கையை வைத்துப் பார்த்தார். மோட்டார் ஓடுகிறது, காற்று வரவில்லை. உள்ளே காற்றைத் தள்ளும் ரப்பர் சவ்வு, அதாவது டயாபிரம், கிழிந்திருந்தது. காற்று நின்றால் கழிவைத் தின்னும் பாக்டீரியா செத்துவிடும், அப்புறம் நாற்றம்தான். “பாத்ரூமுக்கு ஆசிட் ஊத்துவீங்களோ? அதுலயும் பாக்டீரியா செத்துடும்” என்றார். அம்மா என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

டயாபிரம் மாற்றி, தூசி அடைத்த ஃபில்டரைக் கழுவிக் காட்டினார். அப்படியே சகதியையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவரிடமே சகதி உறிஞ்சும் லாரி உண்டு, ஆனாலும் வேண்டாமென்றார்: மழையில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது ஃபைபர் தொட்டியைக் காலி செய்தால் வள்ளம் மாதிரி மிதந்து எழும்பிவிடுமாம், வெயில் வரட்டும் என்றார். அந்த ஒரு பேச்சுக்கே 4 நட்சத்திரம். நாற்றம் முழுதாகப் போக 10 நாள் ஆனது.