நீலகிரியில் வண்டி பேசும்போது

சமவெளிக்கு ஒரு வண்டி, மலைக்கு வேறு வண்டி. நீலகிரிக்குக் கிளம்பும் வெளிநாட்டுச் சொந்தபந்தம் யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான். கோபியிலோ ஈரோட்டிலோ கோவையிலோ ஒரு வண்டியைப் பேசி ஏறி, தங்குகிற நாளெல்லாம் அதையே வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, அதிலேயே இறங்குவதுதான் நம்மில் பெரும்பாலோர் பழக்கம். கேட்க வசதியாகத்தான் இருக்கும். பில் வரும்போதுதான் தெரியும்.

கீழே பேசுகிற வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளுக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்துத்தான் வெளியூர் வாடகை போடுவார்கள். ஷெட்டில் இருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்புகிற வரை மீட்டர் ஓடும். அதற்கு மேல் டிரைவர் பேட்டா, ஹில்ஸ் சார்ஜ், டோல், பார்க்கிங். இந்த முறை நாங்கள் விசாரித்தபோது எர்டிகாவுக்குக் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் கேட்டார்கள். ஆக, வண்டி அசையாமல் நின்றாலே ஒரு நாளைக்கு 4,500. கோத்தகிரியில் தங்கிக்கொண்டு குன்னூர், ஊட்டி என்று எப்படிச் சுற்றினாலும் ஒரு நாளில் எண்பது கிலோமீட்டரைத் தாண்டுவது கஷ்டம். கோத்தகிரியில் இருந்து குன்னூர் 20 கிலோமீட்டர், ஊட்டி 30 கிலோமீட்டர், அவ்வளவுதான் அந்த மலை. மீதியெல்லாம் ஓடாத ஓட்டத்துக்குக் கொடுக்கிற காசு.

காசை விடுங்கள், டிரைவர் எங்கே படுப்பார்? டிரைவருக்குத் தங்க இடம் உண்டா என்று எத்தனை பேர் அறை போடும்போது கேட்கிறோம்? முன்பு ஒரு தடவை நாங்கள் தங்கிய விடுதியில் அப்படி ஒரு ஏற்பாடே இல்லை. ஈரோட்டுப்பக்கம் இருந்து வந்த டிரைவர், டிசம்பர் குளிரில், வண்டிக்குள்ளேயே சீட்டைச் சாய்த்துப் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். காலையில் கண்ணாடி முழுக்க உள்பக்கமாக நீர் கோர்த்திருந்தது. ஓஸ்லோவில் பத்து வருஷத்துக்கு மேல் குளிரைப் பார்த்தவள் நான். ஆனால் அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். சரியாகத் தூங்காத ஆள்தான் அன்றைக்கு முழுக்க நம்மை வளைவு வளைவாக ஓட்டிக்கொண்டு போகப்போகிறார் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். உள்ளூர் டிரைவர் என்றால் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

மூன்றாவது காரணம் இ-பாஸ், அதாவது வண்டி மலையேற இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். பாஸ் எடுப்பது பெரிய வேலையில்லை. வண்டி நம்பர், எத்தனை பேர், எந்தத் தேதி என்று கொடுத்தால் போதும். இந்திய மொபைல் நம்பர் இல்லாதவர்கள் மின்னஞ்சல் கொடுத்துப் பதியலாம். இருந்தாலும் கடைசி நேரத்தில் டிராவல்ஸ்காரர் வேறு வண்டியை அனுப்பினால் நம்பர் மாறிவிடும், மறுபடியும் எடுக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின இரவே, "எந்த வண்டிங்க வருது, நம்பரை அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிவிடுவது நல்லது. டி.என். 43 என்று ஆரம்பிக்கிற நீலகிரி பதிவு வண்டிகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

அதனால் கீழ்வண்டியை டிராப்புக்கு மட்டும் பேசினோம். சத்தி, சிறுமுகை வழியாக மேட்டுப்பாளையம், அங்கிருந்து குஞ்சப்பனை ஏறி கோத்தகிரி. செக்போஸ்ட்டில் இ-பாஸைப் பார்த்தார்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று காலடியில் குனிந்தும் பார்த்தார்கள். இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஸ்டீல் பாட்டிலோடு போங்கள், மாவட்டம் முழுக்க ஆங்காங்கே தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள்.

மேல் வண்டியைத் தங்கிய வீட்டுக்காரர் பேசிவிட்டார். இல்லாவிட்டாலும் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி எல்லா ஊரிலும் டாக்சி ஸ்டாண்ட் இருக்கிறது. ஆப் டாக்சியை நம்பி மட்டும் மலையேறாதீர்கள். வண்டியின் நம்பர் பலகை மஞ்சளா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை சொந்த வண்டி, வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லை. முந்நூறு நானூறு குறைத்துச் சொல்வார்கள். ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

ஸ்டாண்டில் போய்க் கேட்டால் கையில் ஒரு அட்டையைத் தருவார்கள். ஊட்டி சைட் சீயிங் என்று ஒரு ரேட், குன்னூர் சைட் சீயிங் என்று ஒரு ரேட், பைக்காரா, முதுமலைக்குத் தனி ரேட். ஒவ்வொன்றிலும் ஏழெட்டு இடத்தின் பெயர் இருக்கும். முதல் தடவை வருகிறவர்களுக்கு, ஒரே நாளில் எல்லாம் பார்த்தாக வேண்டும் என்பவர்களுக்கு அது சரிதான். ஆனால் பேக்கேஜில் டிரைவருக்கு லாபம் எதில் என்று பாருங்கள். சீக்கிரம் முடித்தால் அடுத்த சவாரி கிடைக்கும். நீங்கள் ஒரு இடத்தில் உட்கார உட்கார அவருக்கு நஷ்டம். "இருபது நிமிஷம் போதுங்க, அடுத்த பாயிண்ட் பார்க்கலாம்" என்று அவர் சொல்வதற்குக் காரணம் அவர் குணம் இல்லை, அந்த அட்டைதான்.

நாங்கள் பேசியது நாள் வாடகை. காலை எட்டரை முதல் சாயங்காலம் ஆறரை வரை, டீசல் அவருடையது, 100 கிலோமீட்டர் வரை ஒரே தொகை, தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, பார்க்கிங்கும் நுழைவுக் கட்டணமும் எங்களுடையது. நாளுக்கு 3,500. சீசனில் ஏறும், மழைக்காலத்தில் இறங்கும். பேசியதை எல்லாம் ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, அவரிடம் ஒரு "ஓகே" வாங்கிக்கொண்டேன். கடைசி நாளில் வாய்த்தகராறு வராது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட்டோம்: "கடைக்கெல்லாம் நாங்களே கேக்கறோங்கண்ணா, நீங்களா நிறுத்த வேண்டாம்." சாக்லேட், டீத்தூள், நீலகிரித் தைலம் விற்கிற கடைகளில் டிரைவருக்குக் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த சங்கதி. அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப வர்க்கி மட்டும் நல்ல எடத்துல வாங்கித் தர்றேனுங்க, அதுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். வாங்கித் தந்தார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கியை நான் சாப்பிட்டதில் அந்த பேக்கரிதான் முதலிடம். சூடு ஆறாத தட்டில் இருந்தே எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தந்தார்கள்.

நாள் வாடகையின் அருமை கோடநாட்டில் தெரிந்தது. கோத்தகிரியில் இருந்து 18 கிலோமீட்டர், தேயிலைத் தோட்டம் வழியாகவே போகிற பாதை. காட்சிமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எதிரே வெறும் வெள்ளை. கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் எதுவும் இல்லை. எங்களோடு வந்து நின்ற வேன் பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டது. எங்கள் டிரைவர் வானத்தைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், "அம்மா, டீ குடிச்சுட்டு உக்காந்திருங்க, காத்து கெழக்க இருந்து அடிக்குது, தொறந்துரும்" என்றார். முக்கால் மணி நேரம் ஆனது. திறந்தது. கீழே மாயாறு ஒரு கயிறு போல, அதன் கரையில் தெங்குமரஹாடா, இன்னும் தள்ளி பவானிசாகர் நீர்த்தேக்கம் பளபளவென்று. அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஏஞ்சாமி, இந்தத் தண்ணிதான நம்ம தடப்பள்ளி வாய்க்காலுக்கு வருது?" என்று கேட்டார். ஆமாம் என்று டிரைவர் சொல்ல, அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். எழுபது வயதுவரை அந்த வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைவித்தவர் அவர், அது எங்கிருந்து வருகிறது என்பதை மேலிருந்து பார்த்ததில்லை. அட்டையில் கோடநாட்டுக்கு இருபது நிமிஷம்தான்.

இன்னொரு நாள் ஊட்டி போகிற வழியில் தாவரவியல் பூங்கா என்று பேச்செடுத்தோம். சனிக்கிழமை. "இன்னிக்குப் போனா சேரிங் கிராஸ் தாண்டவே ஒரு மணி நேரமாகுங்கக்கா, பாப்பாவுக்கு வேற ஒண்ணு காட்டட்டுமா?" என்றவர், கேத்தி பாலாடா பக்கம் திருப்பினார். அங்கே கேரட் கழுவுகிறார்கள். தோட்டத்தில் இருந்து மண்ணோடு வருகிற மூட்டைகளைப் பெரிய இரும்பு டிரம்முக்குள் கொட்டி, தண்ணீரைப் பீய்ச்சிச் சுழற்றுகிறார்கள். காதைப் பிளக்கும் கடகட சத்தம். இந்தப் பக்கம் செம்மண் கட்டியாகப் போனது, அந்தப் பக்கம் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் வந்து விழுகிறது. முழங்கால் வரை பூட்ஸ் போட்ட அண்ணன் ஒருவர், ஒடிந்ததை ஒதுக்கிக்கொண்டே எங்கள் மகளிடம் இரண்டு கேரட்டை நீட்டினார். ஓஸ்லோவில் பிளாஸ்டிக் பையில் வரும் கேரட்டை மட்டும் பார்த்தவள், அதைக் கழுவ வேண்டுமா என்று கேட்டாள். "இதுக்கு மேல எப்படிப் பாப்பா கழுவுறது?" என்றார் அவர். ஈரமும் இரைச்சலும் சேறுமான இடம்தான், ஆனாலும் குழந்தைக்கு அன்றைய நாளே அதுதான். பூங்காவுக்குத் திங்கட்கிழமை போனோம், கூட்டமில்லாமல்.

மலை ரயிலுக்கும் இப்படி ஒரு வண்டி கைகொடுக்கும். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறுகிற ரயிலில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. 46 கிலோமீட்டர் பாதை, குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளம், 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? குன்னூர் முதல் ஊட்டி வரைக்கும் மட்டும் என்றால் கொஞ்சம் சுலபம். குன்னூர் ஸ்டேஷனில் எங்களை ஏற்றிவிட்டு, பைகளோடு டிரைவர் சாலை வழியாக வந்தார். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி என்று ஆடி ஆடிப் போய், ஊட்டிக்கு முந்தின நிறுத்தமான லவ்டேலிலேயே இறங்கிக்கொண்டோம். ஊட்டி ஸ்டேஷன் வாசல் நெரிசலில் வண்டியைத் தேடுகிற வேலை இல்லை.

முதுமலை போகிற எண்ணம் இருந்தால் டி.என். 43 வண்டிக்கு இன்னொரு வசதி உண்டு. ஊட்டியில் இருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு. அதில் இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை, கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும், தூரம் இரட்டிப்புக்கு மேல். தடைக்குக் காரணம் இறங்கும்போதுதான் புரியும், அவ்வளவு செங்குத்து. எங்கள் டிரைவர் பெரும்பாலும் முதல் கியர், இரண்டாவது கியர்தான், பிரேக்கை அபூர்வமாகத்தான் தொட்டார். ஏறி வருகிற வண்டியைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிட்டார். சமவெளி டிரைவர்கள் சிலர் பிரேக்கிலேயே காலை வைத்து இறக்கி, பர்லியாறு வருவதற்குள் கருகல் வாடை கிளப்புவதை அனுபவித்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

குறையே இல்லையா என்றால், சீட் பெல்ட். பின் சீட்டில் பெல்ட் இருக்கிறது, அதைச் சொருகுகிற பூட்டு சீட் கவருக்குள் புதைந்து கிடக்கிறது. வாடகை வண்டி பலவற்றிலும் இந்தக் கதைதான். கேட்டதும் கவரின் கொக்கியைக் கழற்றி, கையை விட்டு வெளியே இழுத்துக் கொடுத்தார், மறுப்பேதும் சொல்லவில்லை. ஆனால் முதல் நாளே கேட்க வேண்டும், ஏறி உட்கார்ந்த பிறகு அவசரத்தில் நடக்காது. குழந்தை சீட் கிடைக்காது, சின்னப் பிள்ளைகள் இருந்தால் மடக்குகிற பூஸ்டர் ஒன்றைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். வெளிநாட்டுக் கார்டும் செல்லாது. ஜிபே இல்லையென்றால் ரொக்கம்தான், மலையில் ஏடிஎம் தேடி அலையாமல் மேட்டுப்பாளையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் ஆறரைக்கு மேல் அவரை நிறுத்தி வைத்த ஒரு நாளுக்குத் தனியாக ஐந்நூறு கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றார், அம்மா சட்டைப் பையில் திணித்தார்.

இறங்குவதற்குக் கீழ்வண்டியைக் கூப்பிட்டால், காலியாக ஏறி வர அதற்கும் வாடகை, இ-பாஸ் எல்லாம் வேண்டும். அதற்குப் பதில் இதே வண்டியில் மேட்டுப்பாளையம் வரை இறங்கி, அங்கிருந்து கோபி டிராவல்ஸ் வண்டியில் மாறிக்கொண்டோம். மே மாதத்தில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கி ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் போகிறவர்கள் கோத்தகிரிப்பக்கம் தங்கினால் இறங்குகிற நாளில் ஒரு மணி நேரம் மிச்சம்.