பெங்களூருக்கு மாற்றலா? போய் இறங்கும் முன்னால் டோக்கன் கட்டாதீர்கள்

3,40,000 ரூபாய். திரும்பி வராது என்று இன்று காலை மெயிலில் எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் மரியாதையாக எழுதத் தோன்றிவிடும்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. வீடு வாங்க விற்க இருக்கும் செயலிகளில் ஒன்று. வெளிமாநிலத்திலிருந்து மாற்றலாகி வருபவர்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் கால் வைக்கும்போதே சொந்த வீட்டுச் சாவி கையில் இருக்கும், இதுதான் அவர்கள் விற்கிற சரக்கு. வீடு ஒயிட்ஃபீல்டுக்கு அந்தப் பக்கம், மறுவிற்பனை ஃபிளாட், இரண்டு படுக்கையறை, பேசிய விலை 78 லட்சம். டோக்கன், அதாவது வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் முன்பணம், 3 லட்சம். 'ரிலொகேஷன் பேக்கேஜ்' என்று ஜிஎஸ்டியோடு சேர்த்து 40 ஆயிரம். மொத்தம் 3,40,000.

முதலில் அவர்கள் அவசரத்தை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று சொல்கிறேன். வீட்டைவிட அந்த அவசரத்தைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள்.

"கைடன்ஸ் வேல்யூ ஏறப்போகுது அண்ணா. போன வருஷம் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் ஏத்தின மாதிரி ராத்திரியோட ராத்திரியா ஏத்திருவாங்க." கைடன்ஸ் வேல்யூ என்பது சொத்துக்கு அரசு குறித்து வைக்கும் குறைந்தபட்ச மதிப்பு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கர்நாடகத்தில் பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்டு 31 முதல் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமானது. 45 லட்சத்துக்கு மேல் போனால் முத்திரைத் தீர்வை 5 சதவீதம். அந்தத் தீர்வையின் மேல் 10 சதவீதம் செஸ், நகர்ப்புறத்தில் 2 சதவீதம் சர்சார்ஜ். எல்லாம் சேர்த்து 7.6 சதவீதம். 78 லட்சத்துக்கு 5,92,800 ரூபாய். ஆனால் கைடன்ஸ் வேல்யூ கதை வேறு. தீர்வையைக் கணக்கிடுவது நாம் கொடுக்கும் விலை, கைடன்ஸ் வேல்யூ இரண்டில் எது அதிகமோ அதன் மேல். ஃபிளாட்டின் கைடன்ஸ் வேல்யூ 55 லட்சமாக இருந்து 65 லட்சமாக ஏறினாலும், நாம் 78 லட்சத்துக்கு வாங்கினால் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் வராது. இது செயலியிலிருந்து என்னிடம் பேசிய பையனுக்குத் தெரியாமல் இருக்காது.

அடுத்தது வாடகை அட்வான்ஸ். "பத்து மாச அட்வான்ஸை முடக்குறதுக்கு அதையே டோக்கனா போடலாமே?" பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம், இப்போது பல இடங்களில் பேசிக் குறைக்கலாம். 30 ஆயிரம் வாடகைக்குப் பத்து மாதம் என்றே வையுங்கள், 3 லட்சம். வீட்டைக் காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள். இவர்களிடம் போன 3 லட்சத்தில் பிடித்தம் போக மீதி என்பதே கிடையாது.

மூன்றாவது, சென்னை வீட்டை விற்கிறவர்களுக்கென்று வைத்திருப்பது. "கேபிடல் கெயின்ஸ் டாக்ஸ் வராம இருக்கணும்னா உடனே வாங்கணும்." பொய். விற்ற லாபத்தின் மேல் வரும் அந்த வரியைத் தவிர்க்க, பழைய வீட்டை விற்ற தேதிக்கு ஒரு வருடம் முன்னாலிருந்து, விற்றபின் இரண்டு வருடம்வரை புது வீடு வாங்கலாம். கட்டுவதென்றால் மூன்று வருடம். வருமான வரி ரிட்டர்ன் போடும் கடைசித் தேதிக்குள் பணத்தைப் பயன்படுத்தவில்லை என்றால், வங்கியில் கேபிடல் கெயின்ஸ் அக்கவுன்ட் ஒன்றைத் தொடங்கி அதில் போட்டு வைத்தால் போதும். சட்டமே இரண்டு வருடம் கொடுக்கிறது, இவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை கொடுக்கிறார்கள்.

இத்தனை தெரிந்தும் ஏன் பணம் போனது என்று கேட்பீர்கள். அந்த ரிப்போர்ட்.

'லீகல் வெரிஃபைட்' என்று தலைப்புப் போட்ட பிடிஎஃப். வரிசையாகப் பச்சை டிக். தாய்ப் பத்திரம் சரி, விற்பவர் பெயர் சரி, வில்லங்கம் இல்லை, சொத்து வரி பாக்கி இல்லை, அபார்ட்மென்ட் பராமரிப்பு பாக்கி இல்லை. கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி போர்டலில் எடுத்த ஈசியை, அதாவது வில்லங்கச் சான்றிதழை, இணைத்திருந்தார்கள், கன்னடத்தில் இருந்ததற்குத் தமிழில் சுருக்கம் வேறு. பேசியவர் ஓசூர்க்காரர். "அண்ணா, நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் தப்பான வீடு காட்டுவேனா? இதே பில்டிங்ல என் சித்தப்பாவுக்கே பாத்துட்டு இருக்கேன்." வீடியோ காலில் குழாயைத் திறந்து காட்டினார், பால்கனிக் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். அவர் காட்டியது எதுவும் பொய்யில்லை. காட்டாமல் விட்டதில்தான் விஷயம் இருந்தது.

லோன் 'அப்ரூவ்டு' என்று அவர்களே ஒரு கடிதமும் வாங்கிக் கொடுத்தார்கள். இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். வீட்டுக்கடனில் இரண்டு கட்டம். சம்பளம், சிபில் என்ற கடன் மதிப்பெண் பார்த்து இவருக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று தருவது முதல் கட்டம். அதில் சொத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. வங்கியின் பேனல் வக்கீல் பத்திரங்களைப் பார்ப்பதும், இன்ஜினீயர் கட்டடத்தைப் பார்த்து மதிப்புப் போடுவதும் இரண்டாவது கட்டம். கடன் உறுதி என்பது இரண்டாவது முடிந்த பிறகுதான். முதல் கடிதத்தைக் காட்டித்தான் டோக்கன் வாங்குகிறார்கள்.

பேனல் வக்கீல் ஒரே நாளில் கதையை முடித்துவிட்டார். கட்டடத்துக்கு மாநகராட்சி பிளான் கொடுத்தது தரைத்தளமும் அதன் மேல் மூன்று மாடியும். கட்டியிருப்பது ஐந்து மாடி. நாங்கள் வாங்க இருந்தது நான்காவது மாடி. அதாவது பிளானில் அந்த வீடே இல்லை. காத்தா என்பது மாநகராட்சியின் சொத்துப் பதிவு. விதிப்படி இருந்தால் ஏ, குறை இருந்தால் பி. இதற்கு இருப்பது பி காத்தா. பிளான்படி கட்டியிருக்கிறது, குடியேறலாம் என்று தரும் ஆக்குபன்சி சர்டிஃபிகேட், சுருக்கமாக ஓசி, கிடையாது. இப்படிக் கட்டினால் எப்படிக் கிடைக்கும்? கட்டடத்தை அடமானமாக எடுக்கும் வங்கி நிறைவுச் சான்றையோ ஓசியையோ பார்த்த பிறகே கடன் தர வேண்டும், மின்சாரம் குடிநீர் இணைப்பும் அப்படியே என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவே போட்டிருக்கிறது. வங்கி கையை விரித்தது.

திரும்பவும் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பச்சைதான். ஓசி என்ற வரியே அதில் இல்லை. பிளானில் எத்தனை மாடி என்ற வரியும் இல்லை. காத்தா என்ற வரிக்கு 'உள்ளது' என்று டிக். ஏயா பியா என்று போடவில்லை. ஈசியில் வில்லங்கம் இல்லை என்பது முழு உண்மை. ஏனென்றால் ஈசி காட்டுவது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றை மட்டும். திருட்டு மாடியை எந்த ஈசியும் காட்டாது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு.

முதலில், "டிக்கெட் ரைஸ் பண்ணியாச்சு அண்ணா, டென்ஷன் ஆகாதீங்க." பிறகு அண்ணா சார் ஆனார். "சார், அது ரீஃபண்டு டீம் பாக்கணும்." பிறகு ஓசூர்க்காரர் வேலையை விட்டுவிட்டாராம், புதிதாக ஒரு பெண் இந்தியில் பேசினார். "உங்க பழைய ரிலேஷன்ஷிப் மேனேஜர் சொன்னதுக்கு எங்ககிட்ட ரெக்கார்டு இல்ல." பணம் ஓனரிடம் போய்விட்டது என்றார்கள். ஓனரைத் தேடிப் பிடித்தால், தனக்கு வந்தது ஒன்றரை லட்சம்தான், மீதி செயலியிடம் இருக்கிறது, ஃபிளாட்டை வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததற்கு அது நஷ்ட ஈடு என்கிறார். நடுவில் ஒருவர், "பி காத்தாவை ஏ காத்தாவா மாத்திக்கலாம் சார், கவர்மென்ட்டே ஸ்கீம் விட்டிருக்கு, நாங்களே செஞ்சு தரோம், 60 ஆயிரம் ஆகும்" என்று அடுத்த பில்லை நீட்டினார்! பிளானுக்கு மேலே எழுப்பிய மாடியை எந்தக் கட்டணமும் கீழே இறக்காது.

கடைசியாக இன்று காலை மெயில். டோக்கன் ஒப்பந்தத்தில், வாங்குபவருக்குக் கடன் கிடைக்காமல் போனால் அது வாங்குபவர் ரத்து செய்ததாகவே கருதப்படும், தொகை திருப்பித் தரப்படாது என்று இருக்கிறதாம். 40 ஆயிரம் சேவை முடிந்துவிட்டதாம். "நாங்கள் வெறும் தளம் மட்டுமே." வெரிஃபைட் என்று முத்திரை குத்தியபோது தளமாக இல்லை, 3,40,000 வாங்கியபோதும் தளமாக இல்லை, திருப்பிக் கேட்டால் மட்டும் தளம்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் புகார் போடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். ரெரா முக்கியமாகப் பிடிப்பது புரமோட்டரை, அதாவது கட்டி விற்கும் பில்டரை. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்ற விதி பில்டருக்குத்தான். தனிநபர் விற்கும் பழைய ஃபிளாட்டுக்கு அந்தக் கவசம் கிடையாது. "ரெரா புரொடெக்டட் அண்ணா" என்று மறுவிற்பனை வீட்டுக்குச் சொன்னார்கள் என்றால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். இது சேவைக் குறைபாடு, நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான்:

முதலில் 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் போய் உட்காருங்கள். வீடு தேடுவதானால் மார்ச், ஏப்ரலில் தேடுங்கள். போர்வெல் வற்றி டேங்கர் வரிசையில் நிற்கும் கட்டடம் எது என்று அப்போதுதான் தெரியும். 2024 கோடையை மறக்க வேண்டாம். பிள்ளைகள் இருந்தால் பள்ளி முதலில், வீடு அப்புறம். தூரம் கிலோமீட்டரில் இல்லை, காலை எட்டு மணி டிராஃபிக்கில் இருக்கிறது.

டோக்கனுக்கு முன்னால் கேட்க வேண்டியவை ஓசி, சாங்ஷன் ஆன பிளான், ஏ காத்தா என்று தெளிவாக உள்ள இ-காத்தா (மின்னணுக் காத்தா). பிளானை வைத்துக்கொண்டு தெருவில் நின்று மாடிகளை எண்ணுங்கள். விற்பவர் தர மறுத்தால் அதுவே பதில்.

கையில் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சத்துக்குள் என்றால் வங்கி தருவது அதிகபட்சம் மதிப்பில் 80 சதவீதம். 78 லட்சத்துக்கு 62.4 லட்சம். முத்திரைச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். ஆக 15.6 லட்சமும் பதிவுக்கு ஏறக்குறைய 5.93 லட்சமும் நம் பணம். விலை 50 லட்சத்தைத் தாண்டினால் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்பவரின் பணத்தில் பிடிக்கும் வருமான வரி, பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவர், டோக்கனும் தவணைதான். 40 ஆயிரம் வாங்கிய செயலி இதை வாயே திறக்கவில்லை.

டோக்கன் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது, அதுவும் பத்திரத்தில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு நேராக. "வங்கியின் சட்டக் கருத்து அல்லது மதிப்பீடு பாதகமாக வந்தால் முழுத் தொகையும் 15 நாளில் திருப்பித் தரப்படும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லாமல் பணம் போடாதீர்கள். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னால் "டெம்ப்ளேட் மாத்த முடியாது சார்" என்பார்கள். அப்போது நம் பணமும் மாற வேண்டாம்.