ஆமை முட்டை: எடுத்து வைப்பதா, இருந்த இடத்திலேயே விடுவதா?

பங்குனி ஆமை முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விடும். அந்த முட்டையை என்ன செய்வது என்பதில் ஒடிசாவின் ருஷிகுல்யா ஒரு வழி, சென்னை இன்னொரு வழி.

ருஷிகுல்யாவில் சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் ஆமைகள் ஒன்றாகக் கரையேறும். முட்டைகளை அங்கே எடுப்பதில்லை, வேலியும் காவலும்தான். பின்னால் வரும் ஆமை முன்னால் வந்ததன் குழியைக் கிளறிவிடுவதும் உண்டு. அத்தனை முட்டைக்கு நடுவே அது பெரிய இழப்பில்லை.

சென்னையில் வருவது சொற்பம். நாயும் தெருவிளக்கும் அதிகம். வெளிச்சம் தெரியும் பக்கம்தான் குஞ்சு நகரும் என்பதால் கடலை விட்டுச் சாலைக்குப் போய்விடும். 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளை எடுத்து, வேலி போட்ட மணலில் மறுபடி புதைத்துப் பொரிக்க வைக்கும் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தடத்தைப் பிடித்துப் போய்க் குச்சியால் மணலைக் குத்திப் பார்ப்பார்கள். கெட்டி மணலுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் குச்சி பொசுக்கென்று இறங்கும். அப்புறம் கையால் தோண்டினால், முழங்கை ஆழத்தில் பிங்பாங் பந்து போல நூறு முட்டை.

இதில் சிக்கல் இரண்டு. முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துவிடும். அதனால் அன்றிரவே மாற்றியாக வேண்டும்.

அடுத்தது வெப்பம். அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது: சுமார் 30 டிகிரிக்குக் கீழே ஆண் கூடும், மேலே பெண். கரையில் ஒரு குழி ஈரத்தை ஒட்டியும் இன்னொன்று மேட்டிலும் இருப்பதால் இரண்டும் கலந்து வரும். பொரிப்பகத்தில் எல்லாக் குழிக்கும் ஒரே வெயில். மேலே நிழல் போடாவிட்டால் பெண்ணாகவே பொரிந்து தள்ளும்.

என் கணக்கில் சென்னைக்குப் பொரிப்பகம்தான் சரி, வேறு வழியில்லாததால். ஆள் நடமாட்டமும் விளக்கும் குறைந்த கரை என்றால் முட்டையைத் தொடவே கூடாது. ஆனால் 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியவை வளர்ந்த ஆமைகள். அவை மீன்பிடிப் படகுகளின் இழுவலையில் மாட்டுவதைத் தடுக்க இந்த இரண்டு வழியிலும் எதுவும் இல்லை.

இன்னொன்று. பொரிந்த குஞ்சுகளை விருந்தினர் வரும்வரை தொட்டியில் போட்டு வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அலை தாண்டி நீந்துவதற்கென்று இருக்கும் தெம்பைக் குஞ்சு அந்தத் தொட்டிக்குள்ளேயே நீந்தித் தீர்த்துவிடும்.