பெக்கமில் சாப்பிடப் போகிறவர்கள் பில்லைப் பார்த்துவிட்டுக் கார்டை எடுங்கள்

தென்கிழக்கு லண்டன் பெக்கமில், ரை லேனை ஒட்டிய ஒரு நைஜீரிய உணவகத்தில் போன சனிக்கிழமை ராத்திரி நடந்தது இது. நாங்கள் நாலு பேர்.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். சூயா பிரமாதம்: மெல்லிசாக அரிந்து சுட்ட மாட்டிறைச்சி, மேலே நிலக்கடலையும் மிளகாயும் சேர்த்த யாஜிப் பொடி, பக்கத்தில் பச்சை வெங்காயம். தக்காளி, மிளகாய் போட்டு வேகவைக்கிற ஜொல்லோஃப் சோற்றில் லேசாக அடிப்பிடித்த புகை வாசம். விருந்துச் சோறு என்றால் நைஜீரியர்களுக்கு அது இருந்தே ஆகவேண்டும். மேடையில் ஆஃப்ரோபீட்ஸ் இசை அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து மேஜையில் பிறந்தநாள்காரியின் நெற்றியில், அவர்கள் வழக்கப்படி, பணத்தை நோட்டு நோட்டாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பேசுவது காதில் விழாது, வெளிச்சமும் கம்மி. அந்தச் சந்தடிதான் பில்லில் கைவைக்க உணவகத்துக்காரர்களுக்கு வசதி.

வில்லங்கம் மீனில் ஆரம்பித்தது. மெனுவில் சுட்ட மீனுக்கு விலையே போடவில்லை. கேட்டதற்கு, "அளவைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டுப் பரிமாறிய பெண் நகர்ந்துவிட்டார். பில்லில் 48 பவுண்ட்! எங்களோடு வந்த லாகோஸ்காரருக்குக் கோபம் தாங்கவில்லை. "எங்கள் ஊரில் தொட்டியில் நீந்துகிற கெளுத்தியைக் காட்டி, விலை பேசி முடித்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள்" என்றார்.

மேஜைக்கே வராத ஆட்டுக்கறி பெப்பர் சூப்புக்கு 13 பவுண்ட். இசைக்குழுவுக்கு என்று தலைக்கு 5 பவுண்ட். மேஜை புக் பண்ணும்போது இதைப் பற்றி மூச்சே விடவில்லை. எல்லாம் சேர்ந்து 184. அதன்மேல் 12.5 சதவீத சர்வீஸ் சார்ஜ் 23. ஆக மொத்தம் 207.

சரி என்று பார்த்தால், நீட்டிய கார்டு மெஷினில் 227.70 நிற்கிறது. 10 சதவீத டிப்ஸுக்கான பட்டனை மெஷினை நீட்டிய பையனே அமுக்கிவிட்டு, கட்டைவிரலால் தொகையைப் பாதி மறைத்தபடி பின் நம்பர் போடச் சொல்கிறான். போனைத் தட்டிப் பணம் கட்டுகிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

மேனேஜரைக் கூப்பிட்டோம். டிப்ஸும் சூப்பும் உடனே போயின. சர்வீஸ் சார்ஜுக்குத்தான் இழுபறி. பில்லின் அடியில் பொடி எழுத்தில் 'விருப்பத்துக்குரியது' என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். அப்படிப் போட்டிருந்தால் எடுக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் அந்தப் பணம் முழுக்க ஊழியர்களுக்கே போகவேண்டும் என்பது இங்கே சட்டம். போகிறதா என்று கேட்டேன். பதில் இல்லை, ஆனால் 23 பவுண்டையும் கழித்துவிட்டார்.

மீன் விலையிலும் இசைக் கட்டணத்திலும் மட்டும் மசியவில்லை. 171 கட்டிவிட்டு வந்தோம். கட்டாயமாக வாங்குகிற தொகையை முன்கூட்டியே விலையோடு சொல்லவேண்டும் என்பது 2025 ஏப்ரலில் வந்த விதி. அதைச் சொல்லி, நுகர்வோருக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிற சிட்டிசன்ஸ் அட்வைஸில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கிருந்து, கடைகளின் முறைகேடுகளை விசாரிக்கிற டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகளுக்குப் போகும். அந்தப் பக்கம் இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால், பில்லைத் தூக்கிப் போடாமல் நீங்களும் ஒரு புகார் கொடுங்கள்.