ஹாக்கி சாம்பியன்ஷிப்புக்கு இரண்டு வாசல்கள்

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஐஸ் ஹாக்கியில் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) சாம்பியன்ஷிப் 1948-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நான்கே அணிகளோடு தொடங்கியது. முதல் கோப்பை மிச்சிகனுக்கு. 2003 முதல் 16 அணிகள். இப்போது உள்ளே வர இரண்டு வழிகள்.

ஒன்று, நேரடி இடம். கல்லூரிகள் பிரிந்து ஆடும் லீக்குகளான கான்ஃபரன்ஸ்கள் ஆறு, அவற்றின் தொடரை வெல்லும் ஆறு அணிகள் வேறு கேள்வியே இல்லாமல் உள்ளே. சீசன் முழுக்கச் சொதப்பியிருந்தாலும் கடைசி வாரங்களில் சூடு பிடித்தால் போதும். சின்ன கான்ஃபரன்ஸ்களுக்கு பெரும்பாலும் இதுதான் ஒரே கதவு. 2010-ல் ராச்செஸ்டர் நகரின் ஆர்ஐடி கல்லூரி இப்படித்தான் நுழைந்தது. டென்வரையும் நியூ ஹாம்ப்ஷயரையும் சாய்த்து அரையிறுதிவரை போனது.

மற்றது, மிச்சம் பத்து இடங்கள். இங்கே பேசுவது கணக்கு. நெடுங்காலம் 'பேர்வைஸ்' முறை: எந்த இரு அணிகளை எடுத்தாலும் நேருக்கு நேர் முடிவு, பொது எதிரிகள், எதிரிகளின் வலிமை எல்லாம் பார்த்து ஒப்பிடுவார்கள். தேர்வுக்குழுவின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைவு என்பது இதன் பெரிய பலம். ஆனால் இசை நாற்காலி ஆட்டம் மாதிரி, வேறு ஊரில் யாரோ தோற்றால் உங்களுக்கு இடம் கிடைக்கும்!

2013-ல் யேல் பல்கலைக்கழக அணி தன் கான்ஃபரன்ஸ் தொடரின் கடைசி இரு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது: யூனியனிடம் 0-5, குவினிப்பியாக்கிடம் 0-3. பிறகு வேறொரு கான்ஃபரன்ஸின் ஃபைனலில் நோட்ரடேமிடம் மிச்சிகன் தோற்று நேரடி இடத்தை இழந்ததால்தான் யேல் உள்ளே வந்தது. சாம்பியன்ஷிப் ஃபைனலில் எதிரே அதே குவினிப்பியாக். யேல் 4-0.

எனக்கு முதல் வாசல்தான் பிடிக்கும். ஆனால் அது மட்டும் இருந்திருந்தால் அந்த யேல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்.