கட்டுச்சோறு எத்தனை நாள் தாங்கும்? டெஸ்க்டாப் செயலிக்குள் வெப் பக்கம்

விண்டோஸில் ஓடும் ஒரு பில்லிங் மென்பொருளுக்குள் அறிக்கைகளை எச்டிஎம்எல் பக்கமாகக் காட்ட வேண்டியிருந்தது. செயலிக்குள் வெப் பக்கம் காட்ட, கைக்கு எட்டிய பழைய வெப்பிரவுசர் கன்ட்ரோலைப் போட்டேன். பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டிய பெட்டிகள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் கன்ட்ரோல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 போல நடந்துகொள்ளும். செயலியின் பெயரை அங்கே எழுதி 11001 என்று மதிப்புக் கொடுத்தால் 11 வரை ஏறும், அதற்கு மேல் போகாது. அந்த உலாவியே 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது. சரி, வேறு வழி பார்ப்போம் என்று இறங்கினேன்.

வழிகள் இரண்டுதான். பக்கத்தை வரைந்து காட்டும் உலாவி இன்ஜினைக் கட்டுச்சோறாகக் கூடவே எடுத்துப் போகலாம், அல்லது போகிற கணினியில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம்.

கட்டுச்சோற்றில் பெரிய பெயர் எலக்ட்ரான், வெப் பக்கத்தையே டெஸ்க்டாப் செயலியாக்கும் கருவி. ஆட்டம் (Atom) என்ற கோட் எடிட்டருக்காக கிட்ஹப்பில் 2013இல் தொடங்கியது. ஆட்டம் மூடப்பட்டுவிட்டது, அதற்குச் செய்த அடுப்பில் இன்று விஎஸ் கோட், ஸ்லாக், டிஸ்கார்ட் எல்லாம் வேகின்றன. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியமும், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸும் உள்ளேயே இருப்பதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பக்கம் ஒரே மாதிரி வரும். வெறும் ‘ஹலோ’ காட்டும் செயலிகூட டிஸ்கில் நூறு எம்பியைத் தாண்டும். எல்லோரும் இதைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. சோறு ஊசிப்போவதுதான் கவலை. எட்டு வாரத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் வரும், கடைசி மூன்றுக்கு மட்டுமே ஆதரவு. அதாவது ஆறு மாதம் சும்மா இருந்தால் உங்கள் செயலி காலாவதி. 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) வகைப் படங்களைத் திறக்கும் லைப்ரரியில் ஓட்டை வெளிவந்தபோது, எலக்ட்ரானில் கட்டிய செயலிகள் தனித்தனியாகப் புது வெர்ஷன் வெளியிட வேண்டியிருந்தது. ஒற்றை ஆளாக மென்பொருள் விற்பவருக்கு இது முழுநேர வேலை.

மைக்ரோசாஃப்ட்டின் வெப்வியூ2 அதற்கு நேர் எதிர். எட்ஜின் குரோமியம் இன்ஜினை எல்லாச் செயலிகளும் பகிர்ந்துகொள்ளும்; ஓட்டையை அடைக்கும் பேட்ச் தானாக வந்து இறங்கும். விண்டோஸ் 11இல் முன்கூட்டியே இருக்கிறது. மேக்கும் லினக்ஸும் வேண்டுமென்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இதில் நான் பட்ட அடி ஒன்று. என் கணினியில் ஓடியது, கடையில் நிறுவியதும் வெள்ளைத் திரை. குக்கீ, கேச் எல்லாம் வைக்கும் ஃபோல்டரை நாம் சொல்லாவிட்டால், செயலியின் எக்ஸி இருக்கும் இடத்திலேயே அது உருவாக்கப் பார்க்கும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரண பயனருக்கு எழுதும் உரிமை ஏது? பயனரின் சொந்த லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டருக்கு மாற்றியதும் சரியானது. அப்புறம், விண்டோஸ் திரைகளைக் கட்டும் டபிள்யூபிஎஃப்பில் (WPF) எழுதுபவர்கள் கவனிக்க: வழக்கமான கன்ட்ரோலின் மேல் நீங்கள் வரையும் பட்டனோ பாப்அப்போ அதற்கு அடியில் மறைந்துவிடும். அது தனி விண்டோ, உங்கள் அடுக்கு அதற்குத் தெரியாது.

டாவ்ரி (Tauri) என்ற கருவி, இருப்பதைப் பயன்படுத்தும் வழியை மூன்று தளங்களுக்கும் கொண்டுபோகிறது: விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் டபிள்யூகேவெப்வியூ, லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே. பின்பக்க வேலை ரஸ்ட் மொழியில். இன்ஸ்டாலர் சில எம்பிதான், பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் ஒரே பக்கத்தை குரோமியம், வெப்கிட் என்று இரண்டு குடும்பத்து இன்ஜின்களில் சோதிக்க வேண்டும். லினக்ஸில் டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற வகைகள்) வெப்கிட் வெர்ஷனும் மாறும். சோதிக்க ஆள் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

குரோமியத்தைச் செயலிக்குள் பதிக்கும் சிஇஎஃப் (CEF) லைப்ரரி பற்றி ஒரு வரி போதும்: வெப் பக்கத்தைப் படமாக வாங்கி வேறொன்றின் மேல் ஒட்ட வேண்டுமென்றால் அதுதான். ஸ்ட்ரீமிங் மென்பொருளான ஓபிஎஸ்ஸின் பிரவுசர் சோர்ஸ் அப்படித்தான் ஓடுகிறது. வெறும் அறிக்கை காட்ட அது வேண்டாம்.

புதிதாக, மூன்று தளத்துக்கும், மாதாமாதம் அப்டேட் தரும் குழு இருந்தால் எலக்ட்ரானே என் தேர்வு. என் பில்லிங் மென்பொருளில் இருப்பது வெப்வியூ2. இணையமே இல்லாத ஒரு கடையின் பழைய விண்டோஸ் 10 கணினிக்கு மட்டும், அதன் ஆஃப்லைன் இன்ஸ்டாலரைப் பென் டிரைவில் போட்டு, கட்டுச்சோறு மாதிரி கையிலேயே எடுத்துப் போனேன்.